அடோமஸின் தட்டு

“உன் வீட்டுக்காரர் இன்னைக்குப் படத்துல என்ன செஞ்சார், அக்கா?” என்று தபால்காரி தெக்லே கேட்டாள். கிணற்றுக் கயிற்றை மாற்றினார், இருமல் இன்னும் நிற்கவில்லை என்றாள், ஊர் மன்றத்தில் படம் பார்த்துவிட்டு வந்த மார்சலே. அவள் கணவர் அடோமஸ் படத்துக்குள் குடியேறி அப்போது ஏழு வருடம் ஆகியிருந்தது.

1967இல் சதுப்பு நிலத்தை வடித்து வயலாக்கப் புல்டோசர்கள் வந்தன. தனிவீட்டுக்காரர்கள் எல்லோரும் அரசு கட்டிய குடியிருப்புக்குப் போனார்கள். அடோமஸ் மட்டும் மறுத்தார். தலைநகர் வில்னியஸிலிருந்து ஆவணப்பட இயக்குநர் ரபோலஸ் குடினஸ் வந்து, அவரையும் வீட்டையும் மூன்று நாள் படமெடுத்தார். நான்காம் நாள் மார்சலே பால் பண்ணையிலிருந்து திரும்பியபோது, வீடு இருந்த இடத்தில் உழுத மண் கிடந்தது. வீடும் அவரும் ஒன்பது நிமிடப் படத்தில் இருந்தார்கள். குடினஸ் எடுத்த பதினொரு படங்களிலும் இதே கதைதான். தேனீ வளர்த்தவரின் படப்பெட்டியில் கோடைதோறும் தேன் கசியும். சலவைக்காரியின் படம் ஓடினால் முன்வரிசையில் இருப்பவர்களுக்குக் கால் நனையும். சோகம் அதிகம் என்று தணிக்கையில் நாற்பது விநாடி வெட்டியதில், கொல்லர் ஒருவருக்கு வலது கை போயிற்று. அதன் பிறகு குடினஸ் பனியை மட்டுமே படமெடுத்தார்.

திரும்பி வந்தவர் ஒரே ஒருவர், கிணறு வெட்டும் யூர்கிஸ். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை அவர் வீட்டு மேசைக்கு எதிரே படத்தை ஓட்டினார்கள். மீன் வாசனைக்கு இறங்கி வந்து சாப்பிட்டவர் அப்படியே வீட்டில் தங்கிவிட்டார். இதைக் கேள்விப்பட்ட மார்சலே, “ஏத்தினது நீங்க, இறக்கி விடறதும் நீங்கதான்” என்று குடினஸுக்குக் கடிதம் எழுதினாள்.

1974 கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை குடினஸ் படத்தோடும் புரொஜெக்டரோடும் பஸ்ஸில் மார்சலேயின் குடியிருப்பு வீட்டுக்கு வந்தார். பண்டிகை முறைப்படி மேசைவிரிப்புக்கு அடியில் வைக்கோல், மேலே மீன், பீட்ரூட் சூப், கசகசாப் பால். வெளியூரில் இருப்பவருக்கு அன்று தட்டு மட்டும் வைப்பது வழக்கம். இறந்தவருக்கென்றால் தட்டின் பக்கத்தில் மெழுகுவர்த்தியும் எரியும். மார்சலே தட்டு மட்டும் வைத்தாள்.

“ஏழு வருஷப் பட்டினி. உன் பங்கையும் சேத்துத் தின்னுடுவார், பாத்துக்கோ” என்றாள் தெக்லே.

“தின்னட்டும்டி.”

படத்துக்காக விளக்கை அணைத்தார்கள். மேசை நடுவில் ஒரு மெழுகுவர்த்தி மட்டும் எரிந்தது. சுவரில் கட்டிய துணியில் அடோமஸ் வாசலுக்கு வந்தார், இருமினார், மோப்பம் பிடித்தார். ஒரு காலைத் துணிக்கு வெளியே எடுத்து வைத்தார்; பலகைத் தரையில் சேறு பட்டது. இருட்டில் கண் தெரியாமல் கையை நீட்டித் துழாவினார். தட்டு அவருக்குத் தெரியட்டும் என்று மார்சலே மெழுகுவர்த்தியை அதன் பக்கத்தில் நகர்த்தினாள்.

“ஐயோ அக்கா, எடு அதை!”

அடோமஸ் தட்டையும் சுடரையும் பார்த்தார். யாருடைய சாவு வீட்டுக்கோ வந்தவர்போலத் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். காலைப் பின்னுக்கு இழுத்தார். படத்திலிருந்த வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, அதன் பின்னாலிருந்த பைன் காட்டைப் பார்த்து நடந்து போனார்.