தண்ணீரில் முளைக்காத புல்

விதைப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்ப்பவளுக்கு இது தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். களைப்புல்லின் விதை வெறும் தண்ணீருக்கு அசைந்து கொடுக்காது. பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் நனைத்தால்தான் தூக்கம் கலையும். அன்றைக்குப் பார்த்து அந்த மருந்து தீர்ந்திருந்தது. "தண்ணியிலேயே போட்டு முடிச்சு விடும்மா, யாரு கேக்கப் போறா?" என்றார் மேலதிகாரி. இவளும் தலையாட்டித் தொலைத்தாள். வந்ததோ, உயிர் இருக்கிறதா என்று பார்க்கச் சொந்த அண்ணனின் குத்தகை வயல் மண்ணில் சலித்தெடுத்த புல் விதை. இந்த வருஷம் விளையாவிட்டால் வயல் அவன் கையை விட்டுப் போய்விடும்.

நூறு விதை, இரண்டு வாரம், ஒன்றுகூட முளைக்கவில்லை. "புல்லு விதை எல்லாம் செத்துப்போச்சுண்ணா, தைரியமா கோதுமை போடு" என்று சொல்லி, தாளிலும் எழுதிக் கொடுத்தாள்.

முதல் நைட்ரேட் உரம் விழுந்ததும் பயிரை முந்திக்கொண்டு வயல் முழுக்கப் புல் கிளம்பியது.

சேதி கேட்ட அன்றே புதிதாக வந்திருந்த மருந்துப் புட்டியைத் திறந்து, மிச்சமிருந்த நூறு விதைகளைக் கரைசலில் போட்டாள். அண்ணனிடம் மூச்சு விடவில்லை. எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். ஒன்பதாம் நாள் எண்ணினாள். தொண்ணூற்று மூன்று முளை. பாவி, நானே அவன் குடியைக் கெடுத்துவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நேராக அவன் வீட்டுக்குப் போனாள்.

அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"பக்கத்து வயக்காரன் வரப்புலேர்ந்துதான் புல்லு வந்திருக்கு. கேட்டா, இல்லவே இல்லன்னு சாதிக்கிறான். உன் தாளை அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். 'என் தங்கச்சி கையெழுத்துடா'ன்னேன். சிரிச்சான். மம்பட்டிக் காம்பால ஒண்ணு போட்டேன்."

"அய்யய்யோ! அவருக்கு என்ன ஆச்சு?"

"ஆஸ்பத்திரியில கிடக்கான். ஒரு கண்ணு போயிடுச்சாம்."

அவள் அண்ணன் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணா, அந்தத் தாள் தப்பு. விதை எல்லாம் உன் மண்ணுலதான் உயிரோட இருந்திருக்கு. நான் ஒழுங்கா சோதிக்கல."

அண்ணன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினான்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"இன்னிக்குத்தான் எண்ணினேன். சந்தேகம்... ஒன்பது நாளா."

"நான் அவனை அடிச்சது நேத்துதான்" என்றான் அண்ணன்.