ஐம்பதாவது பதிவு

நான் கடற்கொள்ளைக்காரி. எனக்கு நாற்பது கப்பல்கள், ஒரே ஒரு கண். இன்னொரு கண்ணை ஒரு திமிங்கிலத்தோடு நடந்த வாக்குவாதத்தில் இழந்தேன். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் இரண்டு ஊர்களைக் கொளுத்திவிட்டு, அடுப்பை அணைக்க வந்துவிடுவேன்.

இந்த அட்டகாசமெல்லாம் 'ஏழு துறைமுகம்' என்கிற இணையக் குழுவில். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, எல்லோருமாக ஒரே கதையை எழுதிக்கொண்டு போகிறோம். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் பிடித்துக்கொள்வார். வேஷத்தில் எழுதும் பக்கத்துக்கு மேடை என்று பெயர். வேஷத்தைக் கழற்றிவிட்டு சொந்தக் குரலில் பேசவும், புகார் சொல்லவும் இருக்கும் பக்கத்துக்குப் பின்கட்டு என்று பெயர். உறுப்பினர்கள் இருநூற்றுப் பதினாலு பேர். அவர்களைக் கட்டி மேய்க்கும் அட்மின்கள் இரண்டு பேர்: ஒரு பல் டாக்டர், அப்புறம் நான். எனக்குத் தகுதி உண்டு. குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்து மூன்று வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். குழாயில் காற்றுதான் வருகிறது என்று கொதித்து வந்த ஆயிரக்கணக்கான பேரைச் சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். தண்ணீர் அனுப்பினேனா என்பது வேறு விஷயம்.

குழுவின் நட்சத்திரம் சேனாதிபதி. அவர் எழுதினால் பாதிக் குழு வேலையை விட்டுவிட்டுப் படிக்கும். அந்தச் சேனாதிபதி எங்கள் வீட்டு ஹாலில், பனியனோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். என் வீட்டுக்காரர்தான். நில அளவையாளராக இருந்தவர். அடுத்தவன் நிலத்துக்கெல்லாம் எல்லைக்கல் நட்டவர், தன் வாய்க்கு மட்டும் ஒரு கல்லும் நட்டதில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் குழுவுக்குப் புதிதாக ஒரு வைத்தியச்சி வந்தாள். எழுத்து சின்னச் சின்ன வாக்கியம். பாத்திரத்துக்கு ஒரு குணம் வைத்திருந்தாள்: திக்கித் திக்கிப் பேசுவாள். காயம்பட்ட வீரர்களைக் கூட்டிக்கொண்டு சேனாதிபதி அவளிடம் போனார். போனவர் கேலியை ஆரம்பித்தார். 'இந்த அம்மா ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் என் வீரர்கள் மூன்று பேர் தானாகவே குணமாகி, ஓய்வும் பெற்றுவிட்டார்கள்' என்று எழுதினார். நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி அடுத்த தெருவில் போய் விழுந்திருக்கும். லைக் போட்டேன்.

அவர் விடவில்லை. வாரக்கணக்காக நடந்தது. வைத்தியச்சி மேடையிலேயே இரண்டு முறை சொன்னாள்: 'என் பேச்சை விட்டுவிடுங்கள், சேனாதிபதி. வேறு ஏதாவது பேசுங்கள்.' வசனம் நன்றாக இருக்கிறதே என்று நினைத்தோம். அதற்கும் லைக் போட்டேன்.

புதன்கிழமை மதியம் பின்கட்டில் அவளுடைய முதல் பதிவு வந்தது.

'நான் ஹோட்டல் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பஸ்ஸில் போகும்போது போனில் எழுதுகிறேன். திக்குவது வைத்தியச்சி இல்லை, நான். இங்கே எழுத்தில் திக்கினால் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமையோடு விலகிக்கொள்கிறேன். அதற்குள் யாராவது வைத்தியச்சியைச் சாகடித்துவிடுங்கள். கேலி இல்லாமல் செத்தால் போதும்.'

இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்றுதான் முதலில் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. மேடையில் ஐம்பது பதிவு எழுதாதவர்களுக்குப் பின்கட்டுக் கதவு திறக்காது. அட்மினுக்குத் தனியாக எழுதவும் முடியாது. வம்பு வளர்ப்பதற்கென்றே வரும் ஆசாமிகளைத் தடுக்க இரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்ட விதி. போட்ட மகாராணி நான்தான். எண்ணிப் பார்த்தேன். கேலி தொடங்கியது அவளுடைய இருபத்தொன்றாவது பதிவில். புகார் சொல்லும் உரிமைக்காக அந்தப் பெண் இன்னும் இருபத்தொன்பது தடவை மேடையேறி அடி வாங்கியிருக்கிறாள். அந்த அடிகளில் ஒன்பதுக்கு என் லைக் இருந்தது.

போனை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். படிக்கச் சொன்னேன். படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"நானா சொன்னேன்? சேனாதிபதி சொன்னான். அவன் குணம் அப்படி."

"சேனாதிபதி எந்த நாற்காலில உக்காந்து சொன்னான்?"

"நீ நாற்பது கப்பல வச்சு ஊரையே கொளுத்தற. உன்னை யாராவது கேட்டாங்களா?"

"ஊருக்காரன் ஒருத்தன் வந்து வேணாம்னு சொன்னா அணைச்சிடுவேங்க. அவ ரெண்டு தடவ சொல்லிட்டா."

"கதையிலதானே சொன்னா."

"வேற எங்க சொல்ல விட்டோம் அவள?"

மனுஷன் வணங்காமுடி வம்சம். அவள் சொந்தக் கதை தனக்கு எப்படித் தெரியும் என்றார், இனிமேல் பார்த்துக்கொள்கிறேன் என்றார், கடைசியில், தான் போனால் குழுவே காலி என்று மிரட்டியும் பார்த்தார். பல் டாக்டருக்குப் போன் செய்தேன். அந்த மனுஷன் வாயில் மெஷினோடு கிடந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டுப் பேசினார். சேனாதிபதி கோபித்துக்கொண்டால் முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார், பக்குவமாக ஒரு வார்த்தை சொல்லி விடுங்கள் அக்கா என்றார். பக்குவமாகச் சொல்லித்தான் முப்பத்து மூன்று வருஷம் தண்ணீர் இல்லாமல் அனுப்பினேன், இனி முடியாது தம்பி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மாலை ஐந்து மணிக்குப் பின்கட்டில் அறிவித்தேன். சேனாதிபதிக்குப் பதினைந்து நாள் மேடை கிடையாது. அவரைக் கைதட்டி ஏற்றிவிட்ட கடற்கொள்ளைக்காரிக்கும் அதே பதினைந்து நாள்; நாற்பது கப்பலும் கரையேறும். ஐம்பது பதிவு விதி இந்த நிமிஷத்தோடு ரத்து. மேடையில் நின்று சொன்னாலும் சரி, பின்கட்டில் சொன்னாலும் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இரண்டு நாளில் பதினோரு பேர் விலகினார்கள். டாக்டர் கணக்குச் சொல்லிச் சொல்லிப் புலம்பினார்.

என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். வியாழக்கிழமை ஹாலில் கீபோர்டு இடி மாதிரி விழுந்தது. சமையலறையில் என் போன் அதிர்ந்தது. 'மதிப்பிற்குரிய அட்மின் அவர்களுக்கு, மேற்படி தண்டனையை மறுபரிசீலனை செய்யுமாறு' என்று மேல்முறையீடு. வெங்காயம் நறுக்கிய கையோடு பதில் போட்டேன்: 'பரிசீலிக்கப்பட்டது. தள்ளுபடி.' அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டேன். வந்தார். சாப்பிட்டார். கீபோர்டுக்குத் திரும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டிப் பார்த்தேன். வைத்தியச்சியின் ஐம்பது பதிவையும் ஒன்றிலிருந்து படித்துக்கொண்டிருந்தார். நில வரைபடம் பார்ப்பது மாதிரி, விரலை ஸ்கிரீனில் வைத்து. மத்தியானம் ஒரு காகிதத்தோடு வந்து நின்றார். சேனாதிபதி வாளை உடைத்து, மழையில் மண்டியிட்டு, கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்கும் காட்சி. அபாரமான எழுத்து, காகிதத்திலேயே லைக் போட்டிருப்பேன்.

"இது வேணாம். படிச்சா எல்லாரும் உங்களத்தான் பாராட்டுவாங்க."

"அப்ப என்னதான் எழுதச் சொல்ற?"

"சேனாதிபதிய வெளிய நிறுத்திட்டு நீங்க வாங்க."

நாலு முறை எழுதினார். முதலாவதில் இரண்டு உவமை, இரண்டாவதில் ஒரு பழமொழி, மூன்றாவதில் 'ஒருவேளை' என்று ஒரு வார்த்தை. மூன்றையும் திருப்பி அனுப்பினேன். சனிக்கிழமை பின்கட்டில் வந்தது இவ்வளவுதான்: 'நீங்கள் இரண்டு முறை நிறுத்தச் சொன்னீர்கள். எனக்கு லைக் வந்துகொண்டிருந்தது, அதனால் நிறுத்தவில்லை. மன்னியுங்கள்.'

ஞாயிறு காலை முழுக்க அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. குக்கரில் தண்ணீர் ஊற்ற மறந்தேன். வீட்டுக்காரர் நாலு முறை சமையலறைக்கு வந்து, நாலு முறையும் தண்ணீர் குடித்தார். இரண்டு மணிக்கு அவள் எழுதினாள்.

'மன்னிப்பதைப் பற்றி அப்புறம் யோசிக்கிறேன். வைத்தியச்சியை யாரும் சாகடிக்க வேண்டாம். சேனாதிபதியும் நல்லவராக வேண்டாம், கதை கெட்டுவிடும். பதினைந்து நாள் முடிந்ததும் அவருக்குப் பல்வலி வரட்டும். என் வீட்டுக்கு வரட்டும். எப்போது கூப்பிடுவது என்பதை நான் எழுதுவேன்.'

பல்வலி என்றதும் டாக்டர் துள்ளிக் குதித்து, எந்தப் பல், என்ன வீக்கம் என்று ஒரு பக்கம் அனுப்பிவைத்தார்.

தண்டனை முடிந்து இன்றோடு ஒன்பது நாள். வைத்தியச்சி வீட்டு வாசலில் சேனாதிபதி வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்னால் பதினாறு நோயாளிகளை வைத்திருக்கிறாள். ஒவ்வொருவரிடமும் நிதானமாக, திக்கித் திக்கி நலம் விசாரிக்கிறாள். ஒருவரையும் அவசரப்படுத்துவதில்லை.

ஹாலிலிருந்து குரல் வருகிறது.

"ஏம்மா, என் முறை வந்துச்சா?"

"இன்னும் பதிமூணு பேர் இருக்காங்க. உக்காருங்க."