பின்பக்கம் பார்க்கும் வழக்கம்

தையல் வேலையை மதிப்பிட வருகிறவர்கள் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார்கள். முடிச்சு தெரியக்கூடாது, நூல் தாண்டக்கூடாது. கிளாஸ்கோவில் இது ஏறக்குறைய ஒரு மதம். மற்ற மதங்களைவிடச் சண்டை குறைவு, அவ்வளவுதான்.

துணிக்குப் பங்கீடு இருந்த காலம். எங்கள் ஓவியக் கல்லூரியின் எம்பிராய்டரி ஆசிரியை மிஸ் மோராக் டன்வூடி, கப்பல் கட்டும் தளத்துக் கிரேன்களைக் கரிச்சாக்குகளின் மேல் தைத்து, சுவரளவுக்கு ஒன்றை ஆண்டுக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். பெரிய கூடத்தில் அது தொங்கினால் அவருடைய துறை பிழைக்கும். இல்லாவிட்டால் அடுத்த பருவத்தில் துறையைச் சமையல் கல்லூரியோடு சேர்த்துவிடுவார்கள்.

திறப்பு விழா நாளன்று, மேயர் வருவதற்குச் சற்று முன், தேர்வுக் குழுத் தலைவரான ஓவியர் லோகி கடைசிச் சுற்று வந்தார். சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஒரே முடிச்சும் சிக்கலும்! எங்க அத்தை பாத்திருந்தா மயக்கமே போட்டிருப்பாங்க. டீ குடிக்கிற ரூம்ல மாட்டிக்குங்க. கேக் மேசைக்குப் பக்கத்துல இடம் இருக்கு."

"பின்பக்கம் பாத்துத்தான் எடுப்பீங்களா?"

"அதானே வழக்கம்."

"நல்ல வழக்கம். எல்லாருக்கும் பொதுவா வெச்சுக்குவோம்." மிஸ் டன்வூடி மாணவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார். "பசங்களா, கை சும்மாதானே இருக்கு? சுவத்துல இருக்கிற எல்லாத்தையும் திருப்பி மாட்டுங்க."

நான் ஓவிய மாணவன்; எனக்கு மதிப்பெண் போடுகிறவர் லோகி. ஆகவே நடுச்சுவரில் இருந்த அவர் படத்தை மிகுந்த மரியாதையோடு திருப்பினேன். பின்னால் நூலாம்படை, டீக்கறை, பாதியில் கைவிட்ட ஒரு பசு. பசுவுக்குக் கால் ஐந்து.

"டேய், என் படத்தைத் திருப்புடா!"

"திருப்பித்தான் சார் வெச்சிருக்கேன்."

வாசலில் கார் சத்தம் கேட்டது. காவலாளி ஓடிவந்தார். "மேயர் படியேறிட்டாருங்க!"

லோகியின் முகம் வெளுத்தது. "மிஸ் டன்வூடி, உங்களுக்கு என்னதான் வேணும்?"

"நடுச்சுவரு."

லோகியே ஏணி போட்டார். பசுவை இறக்கினார். சாக்குகளைத் தோளில் சுமந்து ஏறினார்.

"இடது பக்கம் தாழ்ந்திருக்கு, மிஸ்டர் லோகி."

மேயர் உள்ளே வந்தார். சுற்றிலும் சட்டங்களின் முதுகுகள். முகம் காட்டி நின்றது கிரேன்கள் மட்டும்தான். வெகுநேரம் பார்த்தார், கைதட்டினார். பிறகு ஏணியின் உச்சியில் கரி படிந்து நின்ற மனிதரைக் காட்டி, "அவர் யாரு?" என்றார்.

"எங்க துறைக்குப் புதுசு," என்றார் மிஸ் டன்வூடி. "அடுத்த பருவத்துல கத்துக்குவார்."