வழிச்சாப்பாட்டு டப்பா

அந்த விடுதியிலிருந்து யாரும் வெறுங்கையோடு கிளம்பியதில்லை. கோட்டைச் சுவரை ஒட்டிய பழைய வீடு அது. மாடி அறைகளை விருந்தாளிகளுக்கு விட்டுவிட்டு மாமனார், மகன், மருமகள் என்று குடும்பம் கீழே ஒண்டிக்கொண்டது. ஊர் பார்த்துவிட்டுப் புறப்படுகிறவர்களுக்கு வழியில் சாப்பிட ஏதாவது கட்டிக் கொடுப்பது மாமனாரின் வேலை. முதல் நாளே பழத்தையும் பண்டத்தையும் நீல டப்பாவில் அடைத்து ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் வைத்துவிடுவார். விடிந்ததும் எடுத்துப் பையில் போட்டுக் கொடுப்பார். போன டப்பா திரும்பி வராது. அதற்கென்றே மொத்தமாக வாங்கி அடுக்கியிருந்தார்கள்.

மருமகள் சறுக்கியது அங்கேதான்.

ஒரு நாள் மாலை ஒரு டீச்சர் தன் மகளோடு வந்து இறங்கினார். மகள் சரியான வாயாடி. மாடிப்படி ஏறுவதற்குள் வீட்டு நாயோடு சண்டை போட்டுச் சமாதானமும் ஆகிவிட்டாள். அந்தச் சின்ன வயதிலேயே அவளுக்குச் சர்க்கரை வியாதி. வேளாவேளைக்கு ஊசி போட்டால்தான் சாப்பாடு. ராத்திரி ஊசியைப் போட்டபின், மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க முடியுமா என்று டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டார். மருமகள் கைக்கு எட்டிய ஒரு நீல டப்பாவில் மருந்து, ஊசி எல்லாவற்றையும் போட்டு மேல்தட்டில் வைத்தாள். இனி இது தன் பொறுப்பு, யாரும் தொடமாட்டார்கள் என்று வாக்கும் கொடுத்தாள். மாமனார் காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். அதற்குள் யாரோ போர்வை கேட்டார்கள். போனவள் மறந்தே போனாள்.

மறுநாள் காலையில் மகள் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள். மருமகள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். மேல்தட்டு காலி.

"மாடியில தங்கியிருந்த போட்டோக்காரரும் அவர் சம்சாரமும் கிளம்பினாங்களேம்மா, அவங்களுக்குக் கொடுத்தாச்சு," என்றார் மாமனார். "ரெண்டு டப்பா இருந்துச்சு. தாராளமா சாப்பிடட்டும்னு ரெண்டையும் வச்சேன்."

போட்டோக்காரரின் கார் மலைப்பாதையில் ஏறியிருக்க வேண்டும், ஃபோன் கிடைக்கவில்லை. ஊரிலிருந்த ஒரே மருந்துக்கடையில் அந்த மருந்து இல்லை என்றார்கள். கணவன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு அவளை அடுப்படி ஓரமாக இழுத்தான்.

"நான் பின்னாடியே போய்ப் பிடிச்சிடறேன். நீ எதுவும் உளறாதே. கரண்ட் போச்சு, பக்கத்து வீட்டுல வச்சிருக்கோம்னு சொல்லு. இது வெளியில போச்சுன்னா அப்புறம் நம்ம படி எவன் ஏறுவான்?"

கெட்டவன் இல்லை, பாவம். வீட்டுக் கூரையே அந்த அறைகளை நம்பித்தான் நின்றது. அவன் போய்விட்டான்.

மருமகள் தண்ணீரோடு மேசைக்கு வந்தாள். பொய் நாக்கு நுனிவரை வந்திருந்தது.

"ஆன்ட்டி, உங்க நாய்கூடச் சாப்பிட்டுடுச்சு. நான் அதைவிட மட்டமா?" என்றாள் மகள்.

"ஊசி வரட்டும்டி," என்று டீச்சர் சிரித்தார்.

மகள் தம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். அதையும் குடித்துவிட்டு மறுபடி நீட்டினாள். டீச்சரின் சிரிப்பு நின்றது. ராத்திரியும் எழுந்து எழுந்து தண்ணீர் கேட்டாள் என்றார். மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மருமகளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "உங்ககிட்ட ஒரு பொய் சொல்லத்தாங்க வந்தேன். மருந்து இங்க இல்ல. வழிச்சாப்பாடுன்னு நெனச்சு, கிளம்பினவங்க பையில போயிடுச்சு. தப்பு என்னுது. அவங்க ஃபோன் கிடைக்கல."

டீச்சர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஆஸ்பத்திரி எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டு எழுந்துவிட்டார்.

ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆட்டோவில் மூவரும் ஏறினார்கள். குறுகலான கோட்டை வாசலில் ஒரு லாரியும் பஸ்ஸும் எதிரெதிரே முட்டிக்கொண்டு நின்றன. நான் ஏன் பின்னால் போகணும் என்று இரண்டு டிரைவர்களும் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். ஊரில் தினமும் நடக்கிற கூத்துதான். மகள் வாந்தி எடுத்தாள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள். வழியெல்லாம் ஏதாவது கேட்டுக்கொண்டு வந்தவள் அம்மா தோளில் தலையைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டதுதான் மருமகளை உலுக்கியது. இறங்கி ஓடிப்போய் லாரியின் கதவைப் பிடித்துத் தொங்கினாள்.

"அண்ணே, குழந்தை உசுருண்ணே. பின்னாடி எடுங்க."

அந்த ஆள் ஆட்டோவை எட்டிப் பார்த்தான். மறுபேச்சில்லாமல் கியரைப் போட்டான்.

ஆஸ்பத்திரியில் சர்க்கரை தாறுமாறாக ஏறியிருக்கிறது என்றார்கள். ஊசி போட்டு, கையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். மருமகள் சுவரோரமாக நின்றாள். இடையில் கணவன் ஃபோனில் கூப்பிட்டான். மலைமேல் பாதை பிரிகிறதாம். கார் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லையாம். அவள் அதை டீச்சரிடம் மறைக்காமல் சொன்னாள். டீச்சர் கேட்டுக்கொண்டே மகளின் நெற்றியைத் தடவினார்.

வெயில் சாயும் நேரத்தில் மகள் கண்ணைத் திறந்து பசிக்கிறது என்றாள். நர்ஸ் பார்த்துவிட்டு, இனிக் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்றாள். மருமகள் ஏதாவது வாங்கிவர வாசலுக்கு விரைந்தாள்.

"நீங்க வாங்க வேணாம்," என்றார் டீச்சர். "அவ சாப்பிடறதை நானே பார்த்து வாங்கிக்கறேன்."

மருமகள் நின்ற இடத்திலேயே தலை குனிந்தாள். டீச்சர் அவளைத் தாண்டி வாசல்வரை போனார். அங்கே நின்றார். முகத்தைத் திருப்பாமலேயே சொன்னார்:

"அவ பக்கத்துல உட்காருங்க. சும்மா இருக்க மாட்டா, கையை ஆட்டுவா. ஊசி கழண்டுடாமப் பிடிச்சுக்குங்க."

மருமகள் உட்கார்ந்தாள். அந்தச் சின்ன மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, ரொம்ப இறுக்கறீங்க," என்றாள் மகள்.