இடதுபக்கம் இழுத்த விமானம்

என்ன கண்ணுகளா, எல்லாரும் சௌக்கியமா? போன மாத இருமல் விட்டதா? விட்டிருந்தால் சரி, உட்காருங்கள். தெலுங்கு ஊரான கச்சிபௌலியில் குடியிருக்கும் உமாசங்கர் விமானத்தைப் புல்லில் கொண்டுபோய்ச் சொருகிய கதையைக் கேளுங்கள்.

ஐ.டி. கம்பெனியில் மேனேஜரான அவருக்கு ஐம்பது வயதில் விமானம் ஓட்டும் ஆசை. ஊருக்கு வெளியே ஒரு சின்ன ஃப்ளையிங் கிளப்பில் ஞாயிறுதோறும் கற்றுக்கொண்டார். அன்றுதான் முதல்முறையாகத் தனியாக ஏறினார். மேலே போய்ச் சுற்றியதெல்லாம் நன்றாகவே இருந்தது. இறங்கிச் சக்கரம் தரையைத் தொட்டதும் விமானம் இடதுபக்கம் இழுத்தது. கைப்பிடியை வலதுபக்கம் திருப்பினார், கேட்கவில்லை. இன்னும் முறுக்கினார். அது ஓடுபாதையை விட்டிறங்கி, புல்லில் குதித்து, மூக்கை மண்ணில் குத்தி நின்றது.

உடம்பில் ஒரு கீறல் இல்லை. மனதில்தான் சந்தேகம் ஏறிக்கொண்டது. காலையில் இடதுபக்கச் சக்கரத்தடியில் மெக்கானிக் இர்பான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இவரைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்தான். ஏன் எழ வேண்டும்? சலாம் வைத்தான், முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? விபத்தானதும் ஓடி வந்தவன், இவரை விசாரித்த கையோடு சக்கரத்தைத்தானே போய்த் தடவினான்?

பிரேக் கோளாறு, அது அவனுக்கும் தெரியும் என்று முடிவே கட்டிவிட்டார். கிளப் மேனேஜரிடமும் சொன்னார். நாளைக்கு எழுதிக் கொடுங்கள், அவனை வேலையை விட்டு அனுப்பிவிடுகிறேன் என்றார் அவர். இர்பான் வீட்டில் அந்த ஒரு சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது என்பது உமாசங்கருக்குத் தெரியும். தெரிந்தும் மனது இளகவில்லை.

சாயங்காலம் மனைவி புஷ்பா, வேலியோரம் நின்று போனில் எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, றெக்கை ஓரத்துத் தகடு மட்டும் ஆடுது. வால்ல இருக்கிறது அசையவே இல்லையே, அதை எதால திருப்பணும்?"

"கால்ல" என்றார். சொன்ன பிறகுதான் உறைத்தது. தரையில் விமானத்தைத் திருப்புவது காலால் மிதிக்கும் பெடல். கைப்பிடியைத் திருப்பினால் றெக்கைத் தகடுதான் ஆடும். பயத்தில் அவர் ஓட்டியது காரை.

"பிரேக்கும் கெட்டிருக்கலாம்ல" என்று முனகினார்.

"இருக்கலாம். நான் வைக்கிற சாம்பார்லகூட உப்பு தானாவே கூடியிருக்கலாம்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு கிளப்புக்குப் போய், தப்பு தன்னுடையது என்றார். மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்து, இர்பான் உங்கள் வீட்டுக்கு வந்து அழுதானா, மிரட்டினானா என்று கேட்டார். இல்லையென்று சொல்லி நம்பவைப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

வெளியே இர்பான் நின்றிருந்தான். சென்னையில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்ட தமிழில் கேட்டான்.

"நேத்து நான்னு சொன்னீங்க. இன்னிக்கு நீங்கன்னு சொல்றீங்க. கைக்கு சாப், எதுக்கு?"

"நான் கால் பெடலை மிதிக்கலை இர்பான். உன்மேல தப்பில்லை."

அவன் முகம் தெளியவில்லை. இதில் வேறென்ன சூது என்பதுபோல அவரையே பார்த்தான். பிறகு வாட்ச்மேனைக் கைதட்டிக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான்.

"இப்போ இவர் முன்னால மறுபடி சொல்லுங்க."

உமாசங்கர் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி சொன்னார்.

உங்கள் வீட்டிலும் இப்படி அடுத்தவர்மேல் பழியைப் போட்டு விழித்தவர்கள் உண்டா? கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.