ஒன்றும் ஆகாதவர்களுக்கு ஒரு முழுக்கு

என் மகள் செல்லாயியின் நிச்சயம் ஒரே வருஷத்தில் மூன்று தடவை தள்ளிப்போனது. மூன்று தடவையும் சாவுதான் காரணம். செத்த மூன்று பேரும் எங்களுக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. அவர்களுக்கு எங்கள் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது.

என் வீட்டுக்காரர் செங்கோட்டையனுக்குக் காலையில் இரண்டு வேலை. முதலில் தோட்டம் பார்ப்பார், பிறகு பேப்பர் பார்ப்பார். சேலத்திலிருந்து வரும் முதல் மோட்டார் பஸ்ஸில் புதுச்சத்திரத்துக்குப் பேப்பர் வந்து இறங்கும். பால் ஊற்றப் போகும் எங்கள் பண்ணையாள் ஆண்டி அதை வாங்கிக்கொண்டு வருவார். ஊரில் மற்றவர்கள் பேப்பர் படித்தால் பருத்தி விலை பார்ப்பார்கள். இவர் யார் செத்தார் என்று பார்ப்பார். பேர்பெற்ற மனிதர் யாராவது கண்ணை மூடியிருந்தால் போச்சு. நேரே கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வருவார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. மூன்று நாளைக்கு வீட்டில் கேதம். தாளிக்கக் கூடாது, கோயிலுக்குப் போகக் கூடாது, நல்ல காரியம் எதையும் வாயால் பேசக்கூடக் கூடாது. பங்காளி செத்தால் பிடிக்கிற தீட்டை இவர் பேப்பர்க்காரன் சொன்ன ஆளுக்கெல்லாம் பிடித்தார்.

போதாததற்கு என்னையும் கூப்பிடுவார். "நீயும் ஒரு சொம்பு ஊத்திக்க, சௌந்திரம்" என்பார். எங்கேயோ யாரோ செத்ததற்கு என் தலையை நான் எதற்கு நனைக்க வேண்டும்? ஒரு நாளும் ஊற்றிக்கொண்டதில்லை. கேட்பதை அவரும் விட்டதில்லை.

அப்புறம் அந்தப் படங்கள். செத்தவர் படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி, சோற்றுப் பருக்கையைத் தேய்த்து, விருந்தாளிகள் உட்காரும் ஆசாரத்துச் சுவரில் ஒட்டிவிடுவார். பங்குனிக் கடைசி நாளில் ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நின்று பேர் சொல்லிக் கும்பிடுவார். பிறகு அந்த வருஷத்துப் படங்களை உரித்து ஒரு தகரப் பெட்டியில் போட்டுவிட்டு, வரப்போகிற வருஷத்தில் சாகப்போகிறவர்களுக்காகச் சுவரைத் துடைத்து வைப்பார். மற்ற வீடுகளில் புது வருஷத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள்.

மாப்பிள்ளை வீடு ஆட்டையாம்பட்டி. நல்ல குடும்பம், தண்ணீர் வற்றாத காடு தோட்டம், பையனும் தங்கமான பையன். பெண் பார்க்க வந்த அன்றைக்கே மாப்பிள்ளையின் அப்பா சின்னுசாமி அந்தச் சுவரைப் பார்த்துவிட்டார்.

"இவங்கல்லாம் உங்க பங்காளிகளுங்களா?" என்று கேட்டார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தேன். இவர் எழுந்து படம் படமாக விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். என் தம்பி சுப்பையன் மட்டும் நடுவில் புகுந்து மாட்டைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே அவர்கள் வண்டியைப் பூட்டியிருப்பார்கள்.

வைகாசியில் நிச்சயத்துக்கு நாள் குறித்தோம். முந்தின நாள் மதுரையில் ஒரு நாடகக் கம்பெனி ராஜபார்ட் செத்துப்போனார். ஆவணியில் குறித்தோம். மதராஸில் ஒரு பெரிய ஜட்ஜு போய்விட்டார். ஐப்பசியில் குறித்தோம். அப்போது வடக்கே ஏதோ சமஸ்தானத்து ராஜா. அந்த ராஜாவுக்கு ஏழு பெண்டாட்டியாம். அந்த ஏழு பேரும் அழுதது போதாதென்று, எங்கள் வீட்டில் எட்டாவதாக ஒருத்தர் கிணற்றடியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு தடவையும் சுப்பையன்தான் ஆட்டையாம்பட்டிக்குப் போய் நாளைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். முதல் தடவை அவர்கள் சிரித்தார்கள். இரண்டாம் தடவை சிரிக்கவில்லை. மூன்றாம் தடவை சின்னுசாமி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். தை பத்தாம் தேதி உப்புச் சர்க்கரை மாற்றுவதென்றால் வருகிறோம், அன்றைக்கும் தவறினால் எடப்பாடிப் பக்கம் ஒரு பெண் இருக்கிறது, அங்கே போய்க்கொள்கிறோம் என்று. எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டாரும் உப்பையும் சர்க்கரையையும் மாற்றிக்கொண்டால்தான் சம்பந்தம் உறுதி. அதுவரைக்கும் எல்லாம் வெறும் வாய்ப்பேச்சு.

செல்லாயிக்குப் பத்தொன்பது வயது. மூன்று தடவை பலகாரம் சுட்டு, மூன்று தடவையும் அதை ஊருக்குப் பங்கு வைத்த வீடு எங்கள் வீடு. பெண்ணிடம் ஏதோ குறை இருக்கிறது, அதைச் சொல்லத் தெரியாமல் ராஜா செத்தார் கூஜா செத்தார் என்கிறார்கள் என்று ஊருக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவள் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நிச்சயத்துக்கு எடுத்த புதுப்புடவையை மடித்துக் கொண்டுவந்து, "இத நீங்களே வெச்சுக்குங்கம்மா" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு என் வீட்டுக்காரர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அவர் ஏன் இப்படி ஆனார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவருடைய அண்ணன் நாச்சிமுத்து கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே செத்துப்போனார். சேதி எங்களுக்கு வந்து சேரப் பதினோரு மாதம் ஆயிற்று. அந்தப் பதினோரு மாதத்துக்குள்தான் செல்லாயிக்குக் காது குத்தினோம். கிடா வெட்டி ஊருக்கே சோறு போட்டோம். இவர் எலும்பைக் கடித்துக்கொண்டு, இந்த ருசிக்கு அண்ணன் இல்லாமல் போய்விட்டாரே, இருந்தால் பாதிக் கிடாவை ஒரே ஆளாகத் தின்றிருப்பார் என்று சொல்லிச் சிரித்தார். அண்ணன் மண்ணுக்குள் போய் அப்போது ஏழு மாதம். சேதி தெரிந்த அன்றைக்கு இவர் கிணற்றடியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அடுத்த மாதத்திலிருந்து பேப்பர் வாங்க ஆரம்பித்தார். யார் செத்தாலும் உடனே தெரிந்துகொள்ள வேண்டும், தெரியாமல் ஒரு வாய் சோறு தின்றுவிடக் கூடாது.

சரி, அண்ணனுக்கு எத்தனை முழுக்கு வேண்டுமானாலும் போடட்டும். அதற்கு என் மகள் என்ன செய்வாள்?

தை பத்தாம் தேதி விடிந்தது. வெற்றிலையும் வாழை இலையும் வாங்கிவர இவரே வண்டி பூட்டிக்கொண்டு புதுச்சத்திரம் போயிருந்தார். அன்றைக்குப் பேப்பர் நேராக என் கைக்கு வர வேண்டும் என்று ஆண்டியிடம் முந்தின நாளே சொல்லிவைத்திருந்தேன். இவர் திரும்புவதற்குள் ஆண்டி புழக்கடை வழியாக வந்து கொடுத்துவிட்டார். விரித்துப் பார்த்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் முதல் பக்கத்தில் நாலு பக்கமும் கறுப்புக் கோடு போட்ட பெரிய படம் இருந்தது. அந்த முகத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

வீரபாகு ஐயா. வக்கீல் வேலையை உதறிவிட்டுக் கதர் கட்டிக்கொண்டு மூன்று தடவை ஜெயிலுக்குப் போனவர். நாலு வருஷத்துக்கு முன்னால் நாமக்கல் கூட்டத்துக்குப் போகும்போது அவருடைய கார் எங்கள் தோட்டத்து ஓரத்தில் நின்றுபோனது. இவர் ஓடிப்போய்க் கிணற்றில் தண்ணீர் சேந்தினார், செல்லாயி சொம்பில் கொடுத்தாள். மூன்று சொம்பு குடித்துவிட்டு, இந்தத் தண்ணீருக்காகவே இன்னொரு தடவை இந்த வழியாக வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மூன்று சொம்புக் கதையை இவர் சொல்லாத ஆள் இந்த வட்டாரத்தில் கிடையாது. ராஜபார்ட்டுக்கே மூன்று நாள் கேதம் பிடித்தவர், வீரபாகு ஐயாவுக்குப் பதினாறு நாளும் பிடிப்பார்.

செல்லாயி என் தோளுக்கு மேலாகப் படித்தாள். முந்தாநாள் ஆஸ்பத்திரியில் இறந்தாராம்.

"அப்பாவுக்குச் சொல்லோணுங்கம்மா" என்றாள்.

"சொல்லு. சொல்லிப்போட்டு ஆட்டையாம்பட்டிக்கும் நீயே போயிச் சொல்லீட்டு வா" என்றேன்.

பேப்பரை எட்டாக மடித்து அரிசிப் பானைக்குள் சொருகி மூடினேன். அந்தப் பெரியவரிடம் மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். ஒரு நாள் ஐயா, ஒரே ஒரு நாள்.

இவர் நேரம் கழித்துத்தான் வந்தார். வெற்றிலை வாங்கப் போனீர்களா, கொடி நட்டுப் பறித்துக்கொண்டு வந்தீர்களா என்று கத்தினேன். கடை திறக்க நேரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனார். பேப்பர் எங்கே என்று கேட்கவில்லை. சாமி இன்றைக்காவது நம் பக்கம் திரும்பிப் பார்த்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் மூன்று வண்டியில் வந்து இறங்கினார்கள். எல்லாரும் ஆசாரத்தில் உட்கார்ந்து, தட்டில் உப்பும் சர்க்கரையும் எடுத்து வைத்த நேரத்தில் சின்னுசாமி தொண்டையைக் கனைத்தார். வழியெல்லாம் ஒரே பேச்சாக இருந்தது, இன்றைக்குப் பேப்பரில் ஒரு சேதி என்று ஆரம்பித்தார். சுப்பையனைப் பார்த்தேன். அந்த மடையன் தட்டில் மொய்த்த எறும்பை விரட்டிக்கொண்டிருந்தான்.

"சேதி எங்கீங்க ஓடிப்போவுது?" என்றார் இவர். "மொதல்ல உப்புச் சக்கரையை மாத்தீருவமுங்க. நல்ல நேரம் போவுது பாருங்க."

இருபத்திரண்டு வருஷமாக இவரோடு குடித்தனம் செய்கிறேன். பேப்பர்ச் சேதியை இவர் தள்ளிவைத்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு என் புத்தியும் மழுங்கித்தான் கிடந்தது. கும்பிட்ட சாமியெல்லாம் ஒன்றுகூடி வந்து காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டேன்.

உப்பும் சர்க்கரையும் கைமாறின. வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அந்தப் பேச்சில் சின்னுசாமி தன் சேதியை மறந்தே போனார். செல்லாயி அந்தப் புதுப்புடவையில் வந்து விழுந்து கும்பிட்டாள். பந்தியில் சம்பந்திக்குப் பக்கத்தில் இவர் உட்கார்ந்தார். பாயசம் ஒரு தடவை வாங்கினார். "இன்னொரு கரண்டி ஊத்து புள்ள" என்று மறுபடியும் இலையைக் காட்டினார். ஊற்றினேன். சுவரில் இருந்த ராஜாவும் ஜட்ஜும் என்னையே பார்த்தார்கள்.

அந்த இரண்டாவது கரண்டியை ஊற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. காதுகுத்து அன்றைக்கு இதே இடத்தில்தான் உட்கார்ந்து இந்த மனிதர் எலும்பைக் கடித்துச் சிரித்தார். அன்றைக்கு யாரும் மறைக்கவில்லை, சேதிதான் வரவில்லை. இன்றைக்குச் சேதி வந்து அரிசிப் பானைக்குள் இருக்கிறது. பதினாலு வருஷமாக எதற்குப் பயந்து இவர் தினம் தினம் பேப்பரைத் திறந்தாரோ, அதையே நான் கட்டின பெண்டாட்டி என் கையால் செய்துவிட்டேன்.

வெயில் தாழ வண்டிகள் கிளம்பின. இனி ஒரு நிமிஷமும் தாங்காது, சொல்லித் தொலைத்துவிட வேண்டும் என்று பேப்பரை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அவரைத் தேடினேன். ஆசாரத்தில் இல்லை, கொட்டகையில் இல்லை. கிணற்றடிக்குப் போனேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார்.

"ஆருங்க சொன்னது?" என்றேன்.

"காத்தாலயே தெரியும் புள்ள. புதுச்சத்திரத்துல பாதிக் கடை சாத்திக் கெடந்துது."

"தெரிஞ்சுமா ரெண்டு தடவை பாயசம் வாங்குனீங்க?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கண்ணன் செத்தது தெரியாமத் தின்னேன். அது இன்னும் எறங்காம இங்கயே நிக்குது" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "இன்னிக்குத் தெரிஞ்சேதான் தின்னேன். எம்புள்ளைக்குன்னு தின்னேன். அது எறங்கிருச்சு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த ராஜாவுக்கு இதே மாதிரி செய்திருந்தால் ஐப்பசியிலேயே முடிந்திருக்குமே, என்னை மூன்று தடவை ஊர் சிரிக்க விட்டீர்களே என்று திட்டித் தீர்த்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். முந்தானைக்குள் துருத்திக்கொண்டிருந்த பேப்பரைப் பார்த்தார்.

"ஒளிச்சு வெச்சது செல்லாயிக்குத் தெரியுமா?"

"அவதான் படிச்சா. சொல்லோணும்னா. நாந்தான் வாயை அடைச்சுப்போட்டேன்."

"அப்ப எனக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும். தெரிஞ்சும் அப்பன் உக்காந்து தின்னான்னா, தன்னாலதானேன்னு புள்ள நெனைச்சு நெனைச்சு மருகும். நாளைக்குப் பேப்பர் லேட்டா வந்துதுன்னு அவளையே கொண்டாந்து குடுக்கச் சொல்லு. அப்பப் படிச்சுக்கறேன்."

மறுநாள் காலையில் செல்லாயி பயந்து பயந்து பேப்பரைக் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தவர், அப்போதுதான் தெரிந்த மாதிரி, "அட சாமி, போயிட்டாரே" என்றார். ராஜபார்ட் செத்துவிட்டார், இல்லாவிட்டால் இவரிடம் வந்து பாடம் கேட்டிருப்பார். ஆனால் அதைச் சொன்னபோது குரல் உடைந்தது மட்டும் நடிப்பில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு நேரே கிணற்றடிக்குப் போனார். செல்லாயி அழுதுகொண்டே பின்னால் ஓடி, வீரபாகு ஐயாவுக்குக் கொடுத்த அதே கிணற்றுத் தண்ணீரைச் சேந்தி அப்பா தலையில் ஊற்றினாள். ஒரே சாவுக்கு இரண்டு முழுக்கு, அதுவும் தை மாதக் குளிரில். இப்படி ஒரு கூத்து எங்கள் வீட்டில் மட்டும்தான் நடக்கும்.

"நீயும் ஒரு சொம்பு ஊத்திக்க, சௌந்திரம்" என்றார், பல் கிடுகிடுக்க.

சளி பிடித்தால் எனக்குக் கஷாயம் வைக்க இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே போனேன். செல்லாயி கையிலிருந்த சொம்பை வாங்கி என் தலையில் ஊற்றிக்கொண்டேன்.