பூனை நடை

கண்டக்டரம்மா ஓர் அதட்டல் போட்டால் படிக்கட்டில் தொங்குகிறவர்கள் அலறியடித்து பஸ்ஸுக்குள் ஏறுவார்கள். அப்பேர்ப்பட்ட குரல் தன் மாடிவீட்டுக்குள் நுழைந்ததும் கிசுகிசுவாகிவிடும். காரணம் கீழ்வீட்டுக்காரர். மேலே ஒரு கரண்டி விழுந்தால் போதும், மனுஷன் கம்பெடுத்துத் தன் வீட்டுக் கூரையை இடிப்பார். ஆத்திரம் அடங்காவிட்டால் ஏறி வந்து மணியடிப்பார்.

அதனால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து மூன்று வயது பட்டுவுக்குப் பூனை நடை பழக்கினார்கள். நுனிக்காலில் நடந்தால் கைதட்டல். ஓடினால் தூக்கி சோபாவில் உட்காரவைத்து, கையில் செல்போன். "குழந்தை இருக்கிற இடமே தெரியலையே!" என்று வந்தவர்கள் மெச்சினார்கள். இவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. வெட்கங்கெட்ட பெருமை!

தன் வார ஓய்வு நாளில் மகளை அழைத்துவர மழலையர் பள்ளிக்குப் போனாள் கண்டக்டரம்மா. மைதானத்தில் வாண்டுகளெல்லாம் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தன. பட்டு மட்டும் ஓரமாக, நுனிக்காலில்.

"குதிக்கச் சொன்னா பட்டு அழறா," என்றார் டீச்சர். "ஓடி ஆடுற வயசு. தினமும் ஆடினாத்தானே கை காலு பலப்படும்?"

"ஓடு பட்டு!" என்றாள் அம்மா.

"உஸ்... கீழ்வீட்டு அங்கிள் திட்டுவாரு."

"இங்க கீழ வீடே இல்லடி தங்கம். வெறும் மண்ணுதான்."

பட்டு குனிந்து மண்ணைப் பார்த்தாள். நம்பவில்லை. கண்டக்டரம்மாவுக்கு ஆத்திரம் வந்தது. தன்மேல்தான் முதலில் வந்தது.

அன்று சாயங்காலம் மேஜையைச் சுவரோரம் தள்ளினாள். தலையணைகளைத் தரையில் வரிசையாகப் போட்டாள்.

"வேணாம்மா, ஏறி வந்துடுவாரு," என்றான் புருஷன்.

"வரட்டுமே. ராத்திரி அவரு நிம்மதியா தூங்கட்டும், நான் மூச்சுகூட மெதுவா விடுறேன். சாயங்காலம் எம்பொண்ணோடது. தினமும்!"

பட்டு ஒரு தலையணையிலிருந்து அடுத்ததற்குத் தாவினாள். மறுபடி தாவியபோது கால் தவறித் தரையில் குதிகால் பட்டது. தொம். கீழேயிருந்து கம்பு இடித்தது. கொஞ்ச நேரத்தில் மணியும் அடித்தது.

பட்டு சட்டென்று நுனிக்காலில் எழும்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்தாள் கண்டக்டரம்மா. நேற்றுவரை இந்நேரம் மன்னிப்புக் கேட்க ஓடியிருப்பாள். இன்று இரண்டு காலையும் தூக்கி, தன் முழுக் கனத்தோடு குதித்தாள். அலமாரியில் தட்டுகள் குலுங்கின. அதன்பிறகுதான் கதவைத் திறந்தாள்.

"மேல என்ன, யானையா வளக்குறீங்க?" என்றார் கீழ்வீட்டுக்காரர்.

"ஆமா சார், குட்டி யானை. தினமும் சாயங்காலம் குதிக்கும். இருட்டினப்புறம் சத்தம் வந்தா வந்து கேளுங்க, தலையைக் குனிஞ்சு நிக்கிறேன். இப்ப குதிச்சது நான்."

அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னால் தொம்மென்று ஒரு சத்தம். திரும்பினாள். இரண்டு பாதமும் தரையில் பதிய நின்றுகொண்டு, யார் திட்டப்போகிறார்கள் என்று பட்டு மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை குதிடி," என்றாள் அம்மா, கதவைச் சாத்தாமலே.